டீசல் டேங்க் மூடி

மறுபடியும் நின்றுவிட்டது.

டிராக்டர் வயலில் இரண்டு சுற்று ஓடியது. மூன்றாவதில் புகை மெலிந்தது. ஒரு தேம்பல். அவ்வளவுதான்.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்து இதே பாட்டுத்தான்.

பறித்த நாற்று வரப்போரம் முடிமுடியாகக் கிடந்தது. விடிந்தால் நடவாட்கள் வந்து இறங்குவார்கள். வயலோ கால்வாசிகூடச் சேறாகவில்லை. இருட்டுவதற்குள் உழுது முடிக்காவிட்டால் நாற்று வீண். வேறு நாற்றங்கால் கிடையாது. இந்தப் போகமும் கிடையாது.

வாடகை டிராக்டருக்குச் சொல்லிப் பார்த்தார். எல்லோருக்கும் இன்றைக்குத்தான் உழவு.

இறங்கினார். பானட்டைத் தூக்கினார்.

பேட்டரியில் குறையில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் நன்றாகவே சுற்றுகிறது. பற்றிக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறது.

டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார். முக்கால் டேங்க் இருந்தது. இதையே எத்தனை முறை பார்ப்பது?

ஃபில்டர் புதுசு. காலையில்தான் அதையும் மாற்றினார்.

சரி, டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கும். ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது. நுரை அடங்கி டீசல் மட்டும் வழியும்வரை அடித்தார். கட்டைவிரல் மரத்துப்போனது. ஸ்குரூவை இறுக்கிச் சாவி போட்டார்.

பிடித்தது.

இந்த முறையும் இரண்டு சுற்று.

நின்றது.

“ஒனக்கு என்னதான்டா வேணும்?” என்று டயரை உதைத்தார். வலித்தது அவருக்குத்தான்.

அழுகை வந்தது. இந்த வயதில், நடு வயலில், ஒரு எஞ்சினைப் பார்த்து. யாரும் பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ்.

காற்று உள்ளே போகும் சத்தம். ஒவ்வொரு முறையும் இது கேட்டிருக்க வேண்டும். அவர்தான் காதில் வாங்கவில்லை.

மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. டீசல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டீசல் இறங்காது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும். வண்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

துளையைத் தேடினார்.

காணவில்லை.

அந்த இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. நடுவில் துளி குங்குமம்.

ஆயுதபூசைக்கு வைத்தது.

வண்டிக்குப் பொட்டு வைப்பது கயற்கண்ணியின் வேலை. ஒரே மகள். வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள். டயர், ஸ்டியரிங், கலப்பை, பேட்டரி, எதையும் பாக்கி வைக்கமாட்டாள். மிஞ்சிய சந்தனத்தை வீணாக்காமல் பல் தேய்க்கும் பிரஷுக்கும் வைப்பாள். மறுநாள் அவர் திட்டிக்கொண்டே பல் தேய்ப்பார்.

பூசை முடிந்த வாரமே அவள் போய்விட்டாள். தெற்குத் தெருப் பையனோடு. அந்தத் தெருவில் இவர்கள் வீட்டார் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

அவர் வாய்க்காலில் இறங்கித் தலைமுழுகினார். எனக்கு மகளே கிடையாது என்று ஊர் கேட்கச் சொன்னார். போட்டோக்களை இறக்கினார். அவள் துணிகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். மனுசன்னா இப்படியில்ல இருக்கணும் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு வண்டியை வயலில் இறக்குவது இன்றுதான். வாசலில் நின்றதில் மற்ற பொட்டுகளை எல்லாம் மழை கழுவிவிட்டது. பானட்டுக்கு அடியில் இருந்ததால் இது தப்பிவிட்டது.

டூல்ஸ் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார்.

ஒரு குத்து. ஊதிவிட்டால் முடிந்தது.

மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். சந்தனத்தில் ரேகை தெரிந்தது. மோதிர விரலின் ரேகை, சுழிசுழியாக.

எவ்வளவு சின்ன விரல்.

ஆணியைப் பையிலேயே போட்டுவிட்டார்.

தோள்துண்டின் ஓரத்தைக் கிழித்தார். டேங்கின் வாயில் இரண்டு மடிப்பாக விரித்துச் சணலால் கட்டினார். துணி வழியாகக் காற்று போகும், தூசி போகாது. மூடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பவும் ஏர் எடுத்தார். சாவி போட்டார்.

இரண்டு சுற்று.

மூன்று.

நான்கு.

நிற்கவில்லை.

மனைவி சோற்று வாளியோடு வந்தபோது வயல் பாதிக்குமேல் சேறாகியிருந்தது. வரப்போரம் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. டேங்கின் வாயில் கட்டியிருந்த துணியை அவள் பார்த்தாள்.

“மூடி எங்க?”

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“வீட்டுல வையி. சொரண்டிராத.”

அவள் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டாள். வாளியை வைத்துவிட்டு மேட்டு வரப்புக்குப் போனாள். முதுகைக் காட்டி நின்று, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

தினமும் யாரிடம் பேசுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில் இன்று இங்கேயே பேசுகிறாள்.

வாளியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தினால் மறுபடியும் பிடிக்குமோ என்னவோ. அவர் நிறுத்தவில்லை.

இரைச்சல் அடங்க, கை ஆக்சிலேட்டரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.