துணைக்கால்

“ஏங்க, இந்தப் புத்தர் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்?”

கணவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தாள் அவள். திபெத்திலிருந்து வந்த வெண்கலச் சிலை. அதன் கீழே அவர் கைப்பட எழுதிய அட்டை: ‘பொறாமையின் வடிவம்.’

காப்பாட்சியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “அடக் கடவுளே! பொறுமைன்னுதானே எழுதினேன்?”

“ஒரு துணைக்காலைப் போட்டு அந்த மனுஷன் மானத்தையே வாங்கிட்டீங்க. தமிழ் டீச்சரோட புருஷன்னு வெளியில சொல்லிக்காதீங்க.”

“சொன்னா உனக்குத்தானே கெட்ட பேரு!” அவர் சிரித்தார். “கோவிச்சுக்காதே. நாளைக்குக் காலையில அந்தக் காலை எடுத்துடறேன்.”

விடிவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

சில மாதங்கள் கழித்து, திபெத்தியக் கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். அந்த ஒற்றை எழுத்தின் கவலை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

சுவரெல்லாம் புது வண்ணம். துணிச்சுருள் ஓவியங்களுக்குப் புது விளக்குகள்.

“அட்டையெல்லாம்?” அவளுக்கு மூச்சிரைத்தது.

“எல்லாத்தையும் எடுத்தாச்சு டீச்சர்,” என்றார் புதிய காப்பாட்சியர். “செல்லரிச்சுப் போச்சு. இனிமே பித்தளைத் தகடுதான். நூறு வருஷம் ஆனாலும் அழியாது.”

“எழுத்து?”

“வாசகமெல்லாம் சார் எழுதினதுதான். நான் எழுதினா ஊரே சிரிக்கும். எனக்கும் தமிழுக்கும் பழைய தகராறு.”

அவள் விறுவிறுவென்று நடந்தாள். பிரார்த்தனை உருளைகளைத் தாண்டி, வெண்கலப் புத்தரிடம் போய் நின்றாள். பீடத்தில் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மெல்லக் குனிந்து படித்தாள். அதன்பிறகுதான் மூச்சு சீரானது.

பின்னாலேயே வந்த காப்பாட்சியர் திருப்புளியோடு காத்திருந்தார். “திருகாணி இன்னும் போடலை. உங்க கண்ணுல பட்டுட்டா எனக்கு நிம்மதி. தப்பு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க டீச்சர். வேற தகடு செஞ்சுடலாம்.”

எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளின் நோட்டில் ஒரு புள்ளியைக்கூடத் தப்பவிடாதவள், இன்னொரு முறை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

“ஒரு தப்பும் இல்ல சார். நல்லா இறுக்கமா திருகிடுங்க.”

திருகாணிகள் இறுகின. பொறுமையே உருவான புத்தரின் காலடியில், ‘பொறாமையின் வடிவம்’ என்று தகடு பளபளத்தது. துணைக்கால் அதன் இடத்திலேயே நின்றது.