சகலை தொட்ட மைக்

"ஊழியர்கள் ஒருவரையொருவர் மரியாதையுடன் நடத்த வேண்டும்."

மொழிபெயர்ப்பாளர் மைக் முன்னால் குனிந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

"மரியாதையுடன்!" என்று கத்தினார்.

ஊஹூம்.

"கரடியாக் கத்தினாலும் காதுல வாங்க மாட்டேங்குதா?" அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "இத்தனை வருஷமா நான் படற பாடு இப்பவாவது புரிஞ்சுதே!"

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது கை மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பேசப் பேசத் தானே டைப் அடிக்கும் மென்பொருள்தான் இப்போது கதி. ஒரு கம்பெனியின் ஊழியர் நடத்தை விதிகளை மொழிபெயர்க்கும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் அடுத்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

வேறு வழியில்லாமல் சகலையைக் கூப்பிட்டார்.

மனைவியின் தங்கை புருஷன். வேலை பார்த்த இடத்தை இழுத்து மூடிவிட்டதால் மனைவியோடு இங்கே வந்து தங்கியிருந்தார். அவள் ஆபீஸ் போய்விடுவாள். இவர் நாள் முழுக்க வீட்டில்.

சகலை வந்தார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். செட்டிங்ஸில் சரியான மைக் தேர்வாகியிருக்கிறதா, அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் மைக்கின் அடியில் விரலை விட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு பச்சையானது.

"ம்யூட்ல இருந்திருக்கு. உங்க கை பட்டிருக்கும், சகலை."

"என் கைதான் கட்டுல கிடக்கே!"

சகலை சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். பொத்தான் எங்கே என்று தெரிந்துவிட்டதால் மொழிபெயர்ப்பாளரே இடது கையால் அழுத்திக்கொண்டார். ஆனால் பேசிப் பேசித் தொண்டை வறண்ட பிறகுதான் ஒரு வரியும் ஏறவில்லை என்பதே தெரிந்தது.

யோசித்துப் பார்த்தார். ஒரு விஷயம் உறுத்தியது.

தினமும் அவருடைய தம்பி ஃபோன் பண்ணுவான். மணி அடித்தால் போதும், மூக்கில் வியர்த்ததுபோல் சகலை அறைக்குள் ஆஜர். ஒருநாள் நகவெட்டி வேண்டும். ஒருநாள் கத்தரிக்கோல். நேற்று "என் கண்ணாடியைப் பாத்தீங்களா?" என்று மேஜையையே சுற்றிவந்தார். அவர் கண்ணாடி போடுகிறவரே இல்லை.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் அண்ணனும் தம்பியும் மனம்விட்டுப் பேசுவார்கள். அதில் பாதிப் பேச்சு சகலையைப் பற்றித்தான்.

"உன் தங்கச்சி புருஷன்தான் மைக்கை அணைக்கிறார்," என்றார் மனைவியிடம்.

"அவருக்கு என்ன வேண்டுதலா?"

"நான் கூப்பிடணும், அவர் வந்து சரி பண்ணணும், நான் அவரைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடணும். வெட்டியா இருக்கிறவங்களுக்கு வேறென்ன வேலை?"

"மெதுவாப் பேசுங்க! காதுல விழுந்தா மனசு ஒடிஞ்சு போயிடும்."

"அவர் முகத்துக்கு நேராவா சொன்னேன்? ஏதோ என் தம்பிகிட்ட சொல்லி ஆத்திக்கிறேன். எனக்கும் நாலு பேர்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு தெரியும்."

அன்றே தம்பியிடம் சொல்லி வைத்து ஃபோன் பண்ணச் சொன்னார். மணி அடித்தது. "சொல்லுடா," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அறை முழுக்கத் தெரிந்தது.

"சகலை, ஸ்க்ரூ டிரைவர் ஏதாவது..." என்றபடி உள்ளே வந்தவரின் விரல் பூனைபோல் மைக்கின் அடிக்குப் போனது.

"கையும் களவுமா மாட்டினீங்களா!"

சகலை விரலை எடுக்கக்கூட மறந்து நின்றார்.

"ஒயரைப் பிடுங்கறதென்ன, செட்டிங்ஸைப் பாக்கறதென்ன! என்னமா நடிச்சீங்க! என் பொழப்புல மண்ணைப் போடறதுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன் உங்களுக்கு?"

"இல்லை சகலை..." அவர் குரல் உள்ளே போனது. "போன வாரம் முடிச்ச பக்கங்களைக் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னீங்களே..."

"ஆமா. கை வலின்னு உங்ககிட்ட கொடுத்தேன். அதுக்கென்ன?"

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்தேன். நீங்க தம்பியோட ஃபோன்ல பேசினதையும் சேர்த்து அது டைப் பண்ணி வெச்சிருந்தது. 'சக ஊழியரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது'ன்னு ஒரு விதி வருமே, அதுக்கு நேர் கீழே."

மொழிபெயர்ப்பாளர் மைக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் நீளமாவே இருந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை. அதை அழிச்சுட்டுத்தான் அனுப்பினேன். அப்படியே போயிருந்தா உங்க பேர் என்ன ஆகும்? அதனாலதான் ஃபோன் வந்தா நானே வந்து..."

அன்றைக்கு என்னென்ன பேசினோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். காதுமடல் சுட்டது. அந்த நேரம் பார்த்து, கையிலிருந்த ஃபோனில் தம்பி உற்சாகமாகக் கத்தினான்.

"என்னண்ணே, தண்டச்சோறு மாட்டிச்சா?"

இடது கையால் தடுமாறித் தடவி ஃபோனை அணைப்பதற்குள் மொழிபெயர்ப்பாளருக்கு உயிர் போய் உயிர் வந்தது. சகலை எதுவும் கேட்காததுபோல் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சகலை... அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஃபோன் பேசறப்ப நானே அணைச்சிருப்பேனே!"

"சொல்லத்தான் நினைச்சேன்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. "ஆனா சொன்னா, நான் அதையெல்லாம் படிச்சுட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் என்னோட உக்காந்து சாப்பிடறப்ப, பாவம், உங்களுக்குச் சோறு இறங்காதே!"