நாற்பத்து மூன்றாம் பக்கம்

பதிப்பாளரின் கணினித் திரையில் ஒரு நீலக்கோடு நாற்பத்திரண்டு பக்கம் வரை மேசை விளிம்பு போல நேராக வந்து, அடுத்த பக்கத்தில் தடாலென்று விழுகிறது. செயலியில் நாவலை வாசித்தவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்று காட்டுகிற கோடு அது. அந்த நாவலை எழுதியவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, கோடு விழுந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கிறாள். திரையில் ரேகை பதிகிறது. “பத்துல ஏழு பேர் இங்கயே மூடி வச்சிடறாங்க, மேடம். இந்தப் பக்கத்தை எடுத்துட்டாத்தான் உங்க அடுத்த நாவலைப் போடுவோம்னு செயலிக்காரங்க சொல்றாங்க,” என்கிறார் பதிப்பாளர். “அவ்வளவு போரடிக்குதா சார்?” “நான் படிச்சே ரெண்டு வருஷமாச்சு. ஞாபகமில்ல.” கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆர்வம்தான் வருகிறது. இத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல எதைப் பார்த்து எழுந்து போனார்கள்? பையிலிருந்து அச்சுப் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கிறாள். மகன் கூப்பிடுவான் என்று, குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு எடுத்துப்போகிற ஒரு அம்மா வருகிற பக்கம். ஜன்னல் வெயிலில் தூசு மெல்லச் சுற்றுகிறது. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்த பதிப்பாளரின் விரல்கள் நிற்கின்றன. கடைசி வரிக்கு இன்னும் நாலு வரி இருக்கும்போதே அவர் எழுந்துவிடுகிறார். “ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்.” போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார். அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். கதவுக்கு அந்தப்புறம் அவர் குரல் தணிந்து கேட்கிறது. “ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்.”