இரண்டாவது தடவை

"அத்தை, இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வேண்டாம்மா, போதும்."

மருமகள் உடனே பாத்திரத்தை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் அம்மா அரைக் கரண்டி போட்டுக்கொண்டிருப்பாள். எதிரே மகன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

வந்து இருபது நாளாக இப்படித்தான். போர்வை வேண்டுமா? வேண்டாம்மா. முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கலாமா? எதுக்கும்மா சிரமம். ஒரே கேள்வி, ஒரே பதில், அதோடு சரி. மருமகள் வேறு தேசத்துப் பெண். பேசுகிற தமிழெல்லாம் புருஷன் சொல்லிக்கொடுத்தது.

போன வாரம் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எங்களோடயே இருந்துடுறீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாடகை வீட்டைக் காலி செய்து, சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் கிளம்பி வந்திருந்தாள். மகனிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தாள். ஆனாலும், கேட்டவுடனே சரி என்றால் அலைகிறாள் என்று நினைக்கமாட்டார்களா?

"உங்களுக்கு எதுக்கும்மா தொந்தரவு?" என்றாள்.

மறுநாளே மகன் டிக்கெட் எடுத்துவிட்டான், சித்தி வீட்டுக்கு. சித்திக்கே ஒற்றை அறைதான்.

சாப்பிட்டு முடித்ததும் அவன் காரை எடுக்கப் போனான். வாசலில் பெட்டியோடு மாமியாரும் மருமகளும் நின்றார்கள்.

"ஏம்மா, உங்க ஆளுங்க எதையும் ஒரு தடவைதான் கேப்பீங்களா?" அம்மா சிரிக்கப் பார்த்தாள். "நாங்கள்லாம் மூணாவது தடவைக்குத்தான் சரின்னு சொல்லுவோம்."

மருமகள் முகம் மாறியது.

"எங்க ஆபீஸ்ல ஒரு அக்காவும் இதைத்தான் சொன்னாங்க. நீங்க வந்த அன்னைக்கே அவர்கிட்ட கேட்டேன் அத்தை. 'மத்தவங்க அப்படித்தான். எங்கம்மா வேற மாதிரி. ரெண்டாவது தடவை கேட்டா கோபம் வரும், கேக்கவே கேக்காத'ன்னார். கோபம் வருமா அத்தை?"

கார் வந்து நின்றது. மகன் இறங்காமலே பின்கதவைத் திறந்துவிட்டான்.

"வரும்மா," என்று சொல்லிவிட்டு அம்மா ஏறிக்கொண்டாள்.