பந்து கொடுத்த வாக்கு

எனக்கு முதலில் துரோகம் செய்தது பந்துதான். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

பேஸ்பால் ஆட்டத்தில், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவரின் கையுறை நான். அந்தக் காலத்தில் நான் வெறும் மெல்லிய தோல். வலி தாங்க, எனக்குள் ஒரு துண்டு பச்சை இறைச்சியைத் திணித்துக்கொண்டுதான் என் ஆள் ஆடுவார்.

ஜெயித்துக் கொடுத்த பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது எங்கள் மன்றத்தின் வழக்கம். ஒரு நாள், நான் பிடித்தால் ஜெயம் என்ற கடைசி வீச்சுக்கு முன் பந்து கெஞ்சியது.

“அண்ணே, என்னைக் கீழே விட்டுடாதீங்க. பெட்டிக்குள்ள போனதும், பிடிச்சது நீங்கதான்னு ஊருக்கே சொல்றேன்.”

பிடித்தேன். என் தையல் மணிக்கட்டு வரை கிழிந்தது. உள்ளே என் ஆளின் சுண்டுவிரல் முறிந்தது. கூட்டம் பந்து வீசியவரைத் தோளில் தூக்கியது.

பந்துக்குத் தங்கப்பூச்சு பூசி, வீசியவர் பெயரை எழுதினார்கள். என்னை மன்ற வாசலில் எறிந்தார்கள். இறைச்சி வாடைக்கு நாய் வந்தது.

“என்ன தம்பி, சொல்லிட்டியா?” என்று வாசலிலிருந்து கேட்டேன்.

“சத்தம் போடாதீங்கண்ணே. பெரிய மனுசங்க வர்ற நேரம்.”

நேற்று என் ஆள் வந்தார். கோணல் விரலைக் கண்ணாடியில் வைத்து, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். பந்து பளபளத்துக்கொண்டு சும்மா இருந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

எனக்காக வேண்டாம், அவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

நாய் என் கட்டைவிரலை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. பந்து இன்னும் சொல்லவில்லை.