டேப் டிரைவ் கண்டுபிடித்த துரோகிகள்

சாகக் கிடந்த ஹார்ட் டிஸ்க், டேப் டிரைவிடம் கெஞ்சியது. "அண்ணே, ஊர்ப் பட்டா அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது. நான் போவதற்குள் ஒரு டேப்பிலாவது பதிந்துவிடுங்கள்."

டிரைவ் ஒரு டேப்பை உள்ளே இழுத்தது. எழுத முடியவில்லை என்று கணினித் திரையில் செய்தி வந்தது.

"துரோகி!" என்று டேப்பை வெளியே துப்பியது டிரைவ். அடுத்த டேப்பும் துரோகி. அப்போதுதான் உறை பிரித்த புது டேப்பும் துரோகி.

கடைசியில் ஹெட் கிளீனர் டேப் வந்தது. "தோழர், டேப்புகள் மேல் தப்பில்லை. டேப்பில் எழுதும் உங்கள் ஹெட்டில்தான் அழுக்கு. கொஞ்சம் பொறுங்கள், துடைத்துவிடுகிறேன்."

"எத்தனை டேப்பைப் பார்த்தவன் நான்! என்னிடமா அழுக்கு?" அதையும் துப்பியது.

அதற்குள் ஹார்ட் டிஸ்க் ஒருமுறை முனகிவிட்டு, சுற்றுவதை நிறுத்திச் செத்துப்போனது.

"ஹார்ட் டிஸ்க்கிடமிருந்து பேச்சே இல்லை, பார்த்தீர்களா?" என்றது டிரைவ். "அவனும் விலைபோய்விட்டான்."