எந்த அழுக்கு?

“அந்தப் பேச்சித்தாய் ஊர்க் கிணத்தை அழுக்காக்கிட்டா. அவளை ஜெயில்ல தள்ளணும். இங்கிலீஷ்ல ஒரு பெட்டிசன் அடியும்வே!”

சங்கரன்கோவில் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் வந்து விழுந்தார் நெல்லைநாயகம். ஊரில் முப்பது கோட்டை விதைப்பாட்டு நிலம். வாய் அதைவிடப் பெரிது. பேச்சித்தாயின் தெருவுக்கு அந்தப் பொதுக் கிணறு காலங்காலமாக விலக்கு. அதில் அவள் விடியற்காலையில் ஒரு குடம் கோரிவிட்டாள். பார்த்த மனிதர் பஸ் ஏறி வந்துவிட்டார்.

டைப் அடிக்கும் தாவீது, பாளையங்கோட்டையில் படித்தவன். மிஷினோடு இங்கே வந்து உட்கார்ந்து பத்து நாள்தான் ஆகிறது.

“தொண்டை காயுது, தண்ணி இருக்காவே?” என்று தாவீதின் கூஜாவை எடுத்து அண்ணாந்து பாதி காலி செய்தார். “அடடா, கல்கண்டு!”

“அண்ணாச்சி, இங்கிலீஷ்ல அழுக்குக்கே ஏகப்பட்ட வார்த்தை கெடக்கு. எதை அடிக்க? ‘சாயில்’னா மண்ணு ஒட்டுறது. குடத்துல மண்ணு இருந்துச்சா?”

“இல்ல. புளி போட்டு வெளக்கிப் பளபளன்னுல்லா கொண்டாந்தா.”

“‘ஸ்டெயின்’னா வாழைக்கறை மாதிரி, கண்ணுக்குத் தெரியணும்.”

“கறையெல்லாம் இல்ல.”

“‘கண்டாமினேட்’னா நோய்க்கிருமி. டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க.”

“என்னவே படுத்துதீரு! அவ கை பட்டுச்சு. அவ சாதிக்கு அது போதாதா?”

“அப்ப ‘பொல்யூட்’. தீட்டுப்படுத்துறது. வேற எந்த அழுக்கும் இல்ல, தீட்டு மட்டுந்தான். யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதேதான்! அதை ரெண்டு தடவ அடியும்!”

அடுத்த வாரம் கூண்டில் பேச்சித்தாய் ஏறி நின்றாள். தோற்றால் அவளுக்கு ஜெயில். அவள் தெருவுக்கு என்றைக்கும் குட்டைத் தண்ணீர்தான்.

மாஜிஸ்திரேட் மனுவை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“உம்ம மனுப்படியே குடம் சுத்தம், தண்ணியும் சுத்தம். தீட்டுங்கிறது மட்டும்தான் உம்ம புகார். சுதந்திரம் வந்து ரெண்டு வருஷமாச்சு. தீட்டுன்னு சொல்லிப் பொதுக் கிணத்தில் தடுக்கிறதுதான் சட்டப்படி குற்றம். நீரே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டிருக்கீர்!”

பேச்சித்தாய் விடுதலை. நெல்லைநாயகத்தின் மேல் புது வழக்கு. இனி அந்தத் தெருக்காரர்களை யாரும் தடுக்க முடியாது. வெளியே காத்திருந்த பெண்கள் போட்ட குலவையில் கோர்ட்டு வாசலே அதிர்ந்தது.

நெல்லைநாயகம் வேப்பமரத்துக்குப் பாய்ந்தார். “கவுத்திட்டீரேவே!”

“நீங்க கேட்ட வார்த்தையத்தான அடிச்சேன், அண்ணாச்சி.”

அதற்குள் பேச்சித்தாய் ஓடிவந்து தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, “செயிச்சிட்டோம்டா தம்பி!” என்றாள்.

“தம்பியா?” நெல்லைநாயகம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

தாவீது கூஜாவைத் தூக்கிக் காட்டினான். “கூடப் பொறந்த அக்கா. தாவீதுங்கிறது பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில எனக்கு வச்ச பேரு. அன்னைக்குக் கல்கண்டுன்னு குடிச்சீங்களே அண்ணாச்சி, அது அவ விடியற்காலையில கோரி எனக்கு ஊத்திக் குடுத்த அந்தக் குடத்துத் தண்ணிதான்!”